ஆயாம்மா நடந்த நாலு விநாடி

பள்ளிக்கூடத்தில் டிவி செய்தி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அஞ்சு நாலு. செய்தி தொடங்குவதற்கு முன் விரல்களை மடக்கிக்கொண்டே ஐந்திலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணுவாள். ஒரு செய்தி சேனலில் பதினேழு வருஷம் பேனலில் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எந்த கேமராவைக் காட்டுவது, எந்தப் படத்தை எப்போது விடுவது, எப்போது வெட்டுவது என்று உத்தரவு போடுகிற இடம்தான் பேனல். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வியாதி நிச்சயம். ஒன்று முதுகுவலி, இன்னொன்று முன்கோபம். அவளுக்கு இரண்டும் இருந்தன. தாழ்வாரத்தில் அவள் தலை தெரிந்ததும் “அஞ்சு நாலு வருது” என்று பிள்ளைகள் கலைவது அவள் காதில் விழும். விழாத மாதிரி போய்விடுவாள். சேனலில் அவளுக்கு வைத்திருந்த பெயர் இதைவிட மோசம்.

அந்த சேனல் ஒரு நாள் காலையில் பாதி ஆட்களை வேண்டாம் என்று முடிவு செய்தது. யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அடையாள அட்டையை வைத்தால் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறவர்கள் சொந்த ஆட்களுக்குச் செய்தி சொன்ன அழகு அது. கதவுக்கு வெளியே நின்றவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் டூட்டியில் இருந்தாள். பேச்சும் வந்து வந்து பார்த்து அலுத்து நின்றுபோயிருந்தது. தம்பி வீட்டில் ஒரு அறை அவளுடையது. தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். தம்பி மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், வெடுக்கென்று பேசுவாள், ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இந்த மேல்நிலைப் பள்ளிக்கு வந்தாள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவி செய்தி தயாரிப்பு என்று ஒரு பாடம் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஸ்டுடியோ என்று பெயர் எழுதி ஒட்டிய அறை அதற்கு முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்த அறை. சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி எதிரொலியை அடக்கியிருந்தார்கள். ஒரு சுவருக்கு மட்டும் பச்சைப் பெயின்ட். இரண்டு கேமரா, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று விளக்கு. மூன்றாவது விளக்கு ஸ்டாண்டை ஒரு உதை விட்டால்தான் எரியும். வெள்ளிக்கிழமைதோறும் முதல் பீரியடில் எட்டு நிமிஷச் செய்தி, முப்பத்திரண்டு வகுப்பறைத் திரைகளிலும் போகும்.

அவள் பாடம் நடத்துகிற விதம் வேறு. புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். முதல் நாள் பிள்ளைகளை நிற்க வைத்து ஒரே ஒரு விதியைச் சொல்லுவாள், திரை கறுப்பாகக் கூடாது. வாசிக்கிறவள் மயங்கி விழட்டும், கரண்ட் போய் ஜெனரேட்டரில் வரட்டும், ஏதாவது ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புத் திரைக்கு பிளாக் என்று பெயர். சேனலில் ஒரு முறை அவள் கையில் மூன்று விநாடி பிளாக் போய்விட்டது. அதற்காக அவளை ஒரு மாதம் தலைப்புச் செய்திப் பக்கமே விடவில்லை. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் பிள்ளைகள் தலையிலும் அதை நன்றாகவே இறக்கி வைத்தாள்.

மாலை நாலு மணிக்கு ஸ்டுடியோவைக் கூட்டித் துடைக்க ஆயாம்மா வருவாள். துப்புரவு கான்ட்ராக்ட் கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட, உயரமான, அதிகம் பேசாத பெண். டீச்சரைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். ஸ்டுடியோதான் அவளுக்குக் கடைசி அறை என்பதால் வேலை முடிந்ததும் கொஞ்சம் உட்காருவாள். டீச்சர் பிளாஸ்கில் இருக்கிற டீயை இரண்டாகப் பங்கு வைப்பாள். முன்கோபக்காரி பேசுவாள், வாய் பேசாதவள் கேட்பாள். அது இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஆயாம்மாவுக்கு ஸ்டுடியோவில் இன்னொரு வேலையும் இருந்தது. படம் எடுப்பதற்கு முன் வெள்ளை எது என்று கேமராவுக்குக் காட்ட வேண்டும். யாராவது ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு விளக்கின் முன் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது அலுப்பு. ஆயாம்மா அலுக்காமல் நிற்பாள். தான் நின்றால்தான் இந்த மெஷினுக்கு வெள்ளையே தெரிகிறது, ஆனால் சம்பளம் மட்டும் தரையைத் துடைப்பதற்கு என்று ஒரு தடவை சொன்னாள். டீச்சர் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

ஆயாம்மாவின் மகள் அதே பள்ளியில் பத்தாவது. பக்கெட்டோடு அம்மா எதிரே வந்தால் பார்க்காத மாதிரி போகும். அம்மாவும் அப்படியே போவாள். இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. அந்தப் பெண் அடுத்த வருஷம் டீச்சரின் பாடத்தில் சேர ஆசைப்படுகிறது என்று ஆயாம்மா சொல்லியிருந்தாள். அனுப்பி வையுங்கள், நிமிர்த்திவிடுகிறேன் என்று டீச்சரும் சொல்லியிருந்தாள்.

வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள் ஃபோகஸ் பயிற்சி. தூரத்திலிருந்து ஒரு ஆள் நடந்து வர, அந்த ஆள் மங்காமல் கேமரா லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடப்பதற்கு ஆள் இல்லை. தாழ்வாரத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவை டீச்சர் கூப்பிட்டாள். முதல் தடவை ஆயாம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். கேமராவைப் பார்க்கக்கூடாது, அப்படி ஒன்று இருக்கிறதையே மறந்துவிட வேண்டும் என்று டீச்சர் சொன்னாள். இரண்டாம் தடவை குனிந்த தலை நிமிராமல் வந்தாள். அதுவும் சரியில்லை, நிமிர்ந்து முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் என்றாள். மூன்றாம் தடவை சுவரோரமாக, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, வேகமாக நடந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள். டீச்சருக்குத் திருப்தி. ஃபோகஸ் எங்கேயும் போகவில்லை. அந்தப் படத்துக்குக் காரிடார் மூணு என்று பெயர் வைத்து, பயிற்சிப் படங்களோடு போட்டு வைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து செல்போன் விவகாரம் வந்தது. விளையாட்டுப் பீரியடில் பிள்ளைகள் போன்களை அணைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, உடை மாற்றும் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு திங்கட்கிழமை பெட்டியையே காணவில்லை. உள்ளே பதினொரு போன். விளையாட்டு வாத்தியாரும் அன்று மத்தியானமே மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவசர லீவில் போய்விட்டார். பள்ளி அல்லோலகல்லோலப்பட்டது. போனைத் தொலைத்த பிள்ளைகளைவிட அவர்களுடைய பெற்றோர் அழுத அழுகைதான் அதிகம்.

அந்த வாரச் செய்தியில் இது வந்தே ஆக வேண்டும் என்று வகுப்பு ஒற்றைக் காலில் நின்றது. யார் மேலும் பழி போடக்கூடாது, தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று மட்டும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரின்சிபால் ஒப்புக்கொண்டார். டீச்சர் பேப்பரை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்துப் பார்த்தாள். திருட்டு என்று இருந்ததை அடித்துவிட்டு, காணாமல் போன பெட்டி என்று எழுதினாள். மர்ம நபர் என்று ஒருவன் ஆசையாக எழுதியிருந்ததையும் அடித்தாள். கடைசியில் மிஞ்சிய வரி, பெட்டியை எடுத்துச் சென்றது யார் என்பது இதுவரை தெரியவில்லை, என்பதுதான். குண்டூசி முனையளவும் குற்றம் சொல்ல முடியாத வரி.

அதற்குப் படம் சேர்க்கிற வேலை பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுடையது. எடிட்டரம்மா என்று வகுப்பே அவளைக் கூப்பிடும். நிதானமான பெண், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளிடம் இருந்தது காலி அறையின் படம், பூட்டின் படம், மைதானத்தின் படம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்ட பிறகும் அந்த ஒரு வரிக்கு மேலே நாலு விநாடி படமில்லாமல் கறுப்பாகக் கிடந்தது. திரை கறுப்பாகக் கூடாதே. பயிற்சிப் படங்களில் தேடினாள். காரிடார் மூணு கிடைத்தது. பள்ளித் தாழ்வாரம், வெளிச்சம் நன்றாக இருந்தது, நீளமும் சரியாக இருந்தது. எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை டீச்சர் முழுச் செய்தியையும் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை நேரத்துக்காக, இன்னொரு தடவை சத்தத்துக்காக. எட்டு நிமிஷம் இரண்டு விநாடி. குரல் எங்கேயும் இடறவில்லை, பிளாக் எங்கேயும் இல்லை. பார்த்தேன், ஒளிபரப்பலாம் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் செய்தி போயிற்று. எடுத்துச் சென்றது யார் என்பது இதுவரை தெரியவில்லை என்று குரல் சொன்னது. திரையில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக வேகமாகப் போனாள். ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் மாடிப்படி இறங்கும்போது கீழே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் ஏதோ நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சாப்பாட்டுப் பையைப் பக்கெட் மாதிரி பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தான். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. பாதி வழியில் ஓரக்கண்ணால் பார்த்தான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்த சினிமாவிலிருந்து எடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டே இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. அந்த நடையை நடக்கச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

அந்தப் பையன்களைப் போட்டுத் திட்டித் தீர்த்தாள். என்ன பிரயோஜனம்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதற்குள் மூன்று பெற்றோர் பள்ளிக்குப் போன் செய்து, அந்தப் பொம்பளையை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாகிவிட்டது. செய்தியில் ஒரு வார்த்தைகூட அப்படி இல்லையே என்று ஆபீஸ் கிளார்க் சொல்லியிருக்கிறார். வார்த்தை எதற்கு, எங்கள் பிள்ளை கண்ணாலே பார்த்தானே என்றார்களாம். நாலு மணிக்கு ஸ்டுடியோவுக்கு ஆயாம்மா வரவில்லை. யாரோ புதுப் பெண் வந்து துடைத்துவிட்டுப் போனாள். டீச்சர் பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

கான்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசரைப் போனில் பிடித்தாள். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். புகார் வந்தால் ஆளை இடம் மாற்றுவார்களாம், தப்பு யார் பக்கம் என்று அவர்கள் பார்ப்பதில்லையாம். ஆயாம்மாவை ஊரின் மறு கோடியில் இருக்கிற பஸ் டிப்போவுக்கு அனுப்பியாகிவிட்டது. வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய இடம்.

திங்கட்கிழமை காலை பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளியின் பெயர் கெடாமல் இருப்பதே தனக்குச் சம்பளம் என்று நினைக்கிற மனிதர் அவர். மேஜையில் அவள் கையெழுத்துப் போட்ட தாள் கிடந்தது. அதன் மேல் அவருடைய கண்ணாடிக்கூடு இருந்தது.

“சின்னப் பொண்ணு, விவரம் தெரியாம ஏதோ ஒரு படத்தப் போட்டுட்டா. உங்களுக்கும் அன்னிக்கு வேல நெருக்கடி. சரியா பாக்க முடியல. அப்படித்தானே டீச்சர்?” என்றார்.

நாற்பத்தைந்தாவது வயதில் இன்னொரு கதவு மூடினால் எங்கே போய் நிற்பது என்று அவள் மனசு கணக்குப் போட்டது. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது தம்பி எதிரே காலையில் காபி குடிக்கக் கூசிய கூச்சம் நினைவுக்கு வந்தது. அவள் பேசாமல் இருந்ததையே அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானமே எடிட்டரம்மாவை ஸ்டுடியோ பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, அந்தப் பீரியடுக்கு லைப்ரரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது அந்தப் பெண் வந்து நின்றாள். அழவில்லை. பிளாக் வரக்கூடாது என்று நீங்கள்தானே டீச்சர் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டாள். கேட்டதில் கோபம்கூட இல்லை, எங்கே தப்பு நடந்தது என்று உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். டீச்சர் அவள் தோளைத் தட்டினாள். அதைவிட ஈனமான காரியத்தை வாழ்நாளில் தான் செய்ததில்லை என்று பிறகு தம்பி மனைவியிடம் சொன்னாள்.

தம்பி மனைவி சாப்பாட்டுத் தட்டை எதிரே வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் கேட்டாள். ஆறுதல் சொல்லவில்லை, கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தவர்களைக் கேட்கிற மாதிரி நேராகக் கேட்டாள்.

“நீங்க பாத்தீங்களா இல்லையா, அண்ணி?”

“ரெண்டு தடவ பாத்தேன்.”

“அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு லைப்ரரில உக்காந்திருக்கு?”

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி இரண்டு பேர் தலையில் விழுந்திருந்தது. பாவம் மட்டும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை விளையாட்டு வாத்தியார் லீவு முடிந்து வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தோடு வந்தவர் தன் இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் பெட்டி பத்திரமாக இருந்தது. உடை மாற்றும் அறையின் பூட்டு சரியில்லை என்று அவர்தான் எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். வைத்த அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிளம்பிப் போய்விட்டார். ஒன்பது நாளாக யாரும் எதையும் திருடவில்லை. பெட்டி எங்கே என்று அவருக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்க, ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எல்லோரும் நாகரிகமாக இருந்திருக்கிறார்கள்.

இதைத் தலைப்புச் செய்தியாகப் போட வேண்டும் என்று வகுப்பு குதித்தது. பிரின்சிபால் மாட்டேன் என்றார். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினால் போதும், கிளற வேண்டாம் என்றார். நாலு பேர் நின்று படித்த அந்தத் தாளில் ஆயாம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் பெயரை யாரும் சொல்லவே இல்லையே, பிறகு எதற்குத் திருத்தம் என்பது அவர் நியாயம். அதையும் மறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை டீச்சர் தானாகவே பிரின்சிபால் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன், பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பெண் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று சத்தம் போட்டார். அந்தக் கேள்வி நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. சாயங்காலமே எடிட்டரம்மா ஸ்டுடியோவுக்குத் திரும்பிவிட்டாள். கம்பெனிக்கும் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போயிற்று. அந்த அம்மா விரும்பினால் பழைய இடத்துக்கே வரலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

மலை போல வந்தது பனி போல விலகியது என்றுதான் அவள் அன்று நினைத்தாள். வேலை போகவில்லை. பிள்ளை தப்பித்தாள். இனி ஆயாம்மாவிடம் ஒரு மன்னிப்பு மட்டும் பாக்கி. அதையும் கேட்டுவிட்டால் அடுத்த வாரம் நாலு மணிக்குப் பழையபடி டீ என்று நினைத்தாள். புத்தி உள்ளவள்தான். ஆனாலும் மனசு பொய் சொல்லும்போது அதுவும் கூடவே தலையாட்டியது.

சனிக்கிழமை முற்பகல் விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள். குறுகலான தெருவில் மூன்று மாடிக் கட்டடம். மாடிப்படியில் சைக்கிள்களும் தண்ணீர்க் குடங்களும் இருந்ததால் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு முன்னறை, அதற்குள்ளே ஒரு சின்ன அறை, ஓரத்தில் சமையல் மேடை. ஆயாம்மாவின் கணவர் வேன் ஓட்டுகிறவர், வண்டியோடு போயிருந்தார். நீலக் கோட்டு இல்லாமல் ஆயாம்மாவை டீச்சர் பார்த்ததே இல்லை. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

வாங்க டீச்சர் என்று ஆயாம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் கீழே உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தாள். உள்ளறையின் கதவு பாதி சாத்தியிருந்தது. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்டுகிற சத்தம் அவ்வப்போது கேட்டது.

டீச்சர் பெட்டி கிடைத்த கதையைச் சொன்னாள். ஆயாம்மாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. பள்ளிக்குத் திரும்ப வரலாம் என்று சொன்னாள். ஆயாம்மா அடுத்த கீரைத் தண்டை எடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைச் செய்தியில் ஒரு திருத்தம் போட்டுவிடலாம், பிரின்சிபாலிடம் சண்டை போட்டாவது வாங்கிவிடுகிறேன் என்றாள். அப்போதுதான் ஆயாம்மா நிமிர்ந்தாள்.

“வேணாம் டீச்சர். நான் திருடலன்னு டிவில சொன்னா, இதுவரைக்கும் நெனைக்காதவன்கூட அன்னிக்குத்தான் நெனைப்பான். விட்டுடுங்க. டிப்போல என்ன யாரும் பாக்கறதில்ல. அது பரவால்ல.”

டீச்சர் மன்னிப்பு என்ற வார்த்தையைப் பஸ்ஸிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இங்கே அதை எந்த இடத்தில் சொல்வதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். செய்தி போவதற்கு முந்தின நாள் தான் அதைப் பார்த்ததையும், ஒரு தடவை இல்லை இரண்டு தடவை பார்த்ததையும், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

ஆயாம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றது. “பாத்தப்போ, நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல.”

“அப்ப என்ன நெனச்சீங்க?”

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை, தூக்கம், தலைவலி என்று எதையாவது. மூன்றாம் மாடி ஏறி வந்து பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“ஒண்ணும் நெனைக்கலக்கா. அந்த வரிக்கு அந்தப் படம் சரியா பொருந்திச்சு. பொருந்தாம இருந்திருந்தா கண்ணுல உறுத்தியிருக்கும். உறுத்தல.”

ஆயாம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆயாம்மா உள்ளறைப் பக்கம் மோவாயைக் காட்டினாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தைச் சொன்னாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாளாம். பையை வீசவில்லை, அழவில்லை, மானம் போச்சு என்று சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

“‘எடுத்திருந்தா சொல்லும்மா, நானே கொண்டுபோய் யாருக்கும் தெரியாம வெச்சுட்டு வந்துடறேன்’னு சொல்லுச்சு டீச்சர். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அது அன்பா கேட்டுச்சு.”

அதற்குப் பிறகு இந்த எட்டு நாளாக வீட்டில் பேச்சு, சாப்பாடு வைக்கட்டுமா, வெளக்கை அணைக்கட்டுமா என்ற அளவில்தான் என்றாள். மகள் மேல் அவளுக்குக் கோபம் இல்லையாம். என்ன என்று சொல்லத்தான் தெரியவில்லையாம்.

உள்ளே பக்கம் புரட்டுகிற சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் வெளியே வந்து, வந்தவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்பது போல, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு டீச்சரிடம் நீட்டினாள். அம்மாவைப் போலவே உயரம். டீச்சர் டம்ளரை வாங்கிக்கொண்டாள். இங்கே தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது. வாத்தியார்க் குரலில் இல்லாமல், தடுமாறிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

“அந்தப் படம் ஒரு பயிற்சிக்கு எடுத்தது, கண்ணு. வருஷ ஆரம்பத்துல. உங்கம்மா நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டே நடந்து வந்தாங்க. மூஞ்சியத் திருப்பிக்குங்க, கேமராவப் பாக்காதீங்கன்னு சொன்னது நான்தான். மூணு தடவ நடக்க வெச்சேன்.”

“தெரியும் டீச்சர்” என்றது அந்தப் பெண். “படம் எடுத்த அன்னிக்குச் சாயங்காலமே அம்மா வந்து சொன்னாங்க. இங்கயே நடந்துகூடக் காட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம்.”

ஆயாம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். எட்டு நாளாக மகளை நேராகப் பார்க்காதவள் இப்போது பார்த்தாள்.

“தெரிஞ்சுமா கேட்ட?”

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். இவராவது இதற்குப் பதில் சொல்லித் தர மாட்டாரா என்பது போல டீச்சரைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள். டீச்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆயாம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. அந்தப் பெண் சுவரோரமாகப் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.